தஞ்சோங் கிளிங்கில் ஒரு மணல் ஒத்தடம்

என் கால் வெந்துபோனதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மனிதன் தன்னைப் பற்றி இப்படி எழுத நேரும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆறு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. துண்டை விலக்கிப் பார்த்த அந்த நொடி மட்டும் இன்னும் ஆறவில்லை. சோற்றில் கை வைக்கும்போதுகூடச் சட்டென்று வந்து நிற்கிறது. என்னைப் போல நாற்காலியில் முடங்கியவர்களும், அவர்களை ஒரு லீவு நாளில் கடற்கரைக்குக் கூட்டிப் போக ஆசைப்படும் வீட்டுக்காரர்களும் இதைப் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். வெட்கக்கேடான இடங்களையும் விடப்போவதில்லை.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். மலாக்காவுக்கும் ஜாசினுக்கும் நடுவே ஒரு நாளைக்கு ஆறு தடவை போய் வந்தவன். வாய் நீளம், வீம்பு அதைவிட நீளம். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் பஸ் வழுக்கி வாய்க்காலில் சாய்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு முதுகெலும்பு நொறுங்கியது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அசைவு இல்லை என்பது நாங்கள் குடியிருக்கும் காஜா பெராங் முழுக்கத் தெரியும். உணர்வும் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அது எப்படி மறைந்தது என்று கேட்பீர்கள். அப்போது பார்த்த டாக்டர் ஆங்கிலத்தில் என்னிடம் இரண்டையும் சொன்னார். நான் என் மனைவி பாக்கியத்துக்கு ஒன்றை மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்த முதல் நாள் அவள் எண்ணெய் காய்ச்சி என் கால்களைத் தேய்த்துவிட்டாள். "தெரியுதாங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "லேசா தெரியுது" என்றேன். அவ்வளவுதான், செத்த முகத்தில் உயிர் வந்தது. மறுவாரம் "இன்னிக்கு நல்லாவே தெரியுது" என்றேன். அப்படியே பொய்க்கு உத்தியோக உயர்வு கொடுத்துக்கொண்டே போனேன். இரண்டு வருஷத்தில் அது பெரிய அதிகாரி ஆகிவிட்டது.

அந்த இரண்டு வருஷமும் நான் கடலைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் இருப்பது மூன்றே மரப்படி. அந்த மூன்று படிதான் எனக்கு எல்லை. பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி ஒருவர், பரம்பரையாகத் தமிழ் மறந்து மலாய் மட்டும் பேசுகிறவர், ஒரு பிரம்பு நாற்காலியில் சைக்கிள் சக்கரம் பூட்டிக் கொடுத்திருந்தார். அதில் உட்கார்ந்து பலகை ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பேன். மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் கொடி, தோரணம், லீவு. ஜனம் கூட்டம் கூட்டமாகப் போகிறது. நாடே வெளியே வரும்போது நான் மட்டும் உள்ளே கிடக்க வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் போட்ட சத்தத்தில் பாக்கியத்தின் தம்பி வீராசாமி தன் முதலாளியின் லோரியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்தான்.

வீராசாமிக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. லோரி நிற்கும் இடத்தில் யாரோ சொன்னார்களாம்: கடல் மணலை வறுத்து, கடற்கரையிலேயே வைத்து ஒத்தடம் கொடுத்தால் அசையாத காலுக்கு அசைவு திரும்பும் என்று. நம் வீடுகளில் ஒத்தடம் புதிதா? இடுப்புப் பிடிப்பு, சுளுக்கு எல்லாவற்றுக்கும் உப்பையோ தவிட்டையோ வறுத்து, துணியில் முடிந்து வைக்கிறோம். வைக்கும்போது கேட்கிறோம்: சூடு பொறுக்குதா? பொறுக்கவில்லை என்றால் எடுத்துவிடுகிறோம். இதற்கு வேறு அளவுகோல் கிடையாது. நோயாளியின் வாய்தான் அளவுகோல். அந்த நம்பிக்கையில்தான் இருப்புச்சட்டியையும் விறகையும் லோரியில் ஏற்றினார்கள்.

என்னை ஏற்றியது தனிக் கதை. நாற்காலியோடு தூக்கிப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். தெங்கேரா, கிளேபாங் தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை வந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தஞ்சோங் கிளிங்கில் இறக்கினால், நாலடி போவதற்குள் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. வீராசாமி தள்ள, சக்கரம் இன்னும் புதைய, நான் அவனைத் திட்ட, வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். "சத்து, டுவா, தீகா" என்று எண்ணி ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு தென்னை நிழலில் வைத்தார்கள். கல்யாண மாப்பிள்ளை ஊர்வலம் போல இருந்தது. கடற்கரையில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணல் வறுபட்டது. பாக்கியம் மூட்டையைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுடுதுடா, ஆறட்டும்" என்றாள்.

"மச்சான், பொறுக்குதா பாருங்க" என்று வீராசாமி என் பாதத்தில் வைத்தான்.

சுற்றிலும் ஆட்கள். அந்த மலாய்க்காரர்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள். "இதெல்லாம் ஒரு சூடாடா? பொம்பள மாதிரி பயப்படுற. இன்னும் சூடா வை" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்.

அவர்கள் இன்னும் சூடாக வைத்தார்கள். இரண்டு பாதத்துக்கும் அடியிலும் மேலும் மூட்டைகளை அணைத்து, சூடு போகாமல் இருக்கத் துண்டால் சுற்றினார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டே நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் ஒன்றைக் காலி செய்தேன். பாக்கியம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் இதமாக இருக்கிறது என்றேன். அரை மணி நேரம் இருக்கும். வீராசாமி துண்டை அவிழ்த்தான். துணியோடு என் பாதத்தின் தோலும் வந்தது.

நான் குனிந்து பார்த்தேன். அடியில் ஈரச் சிவப்பு. ஓரத்தில் வெள்ளையாக, வெந்த முட்டை மாதிரி. இடது காலின் கடைசி இரண்டு விரல்கள் வேறு யாருடையவோ போலக் கறுத்திருந்தன. என் கால். ஒன்றும் தெரியவில்லை. எறும்பு ஊர்ந்த அளவுக்குக்கூடத் தெரியவில்லை. வலித்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது என்று சத்தியமாகச் சொல்கிறேன். பாக்கியம் வீறிட்டாள். வீராசாமி சட்டியை உதைத்துத் தள்ளினான். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, நானும் கத்த வேண்டும் என்று. "ஐயோ, எரியுதே" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டம். வெடி வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், கொடி கட்ட ஏறி விழுந்தவர்கள் என்று வராந்தா பெஞ்சு நிறைய ஆட்கள். எல்லோரும் முனகினார்கள். நான் அவர்களைப் பார்த்து அதே மாதிரி முனகினேன். முறை வந்தது. டாக்டர் ஓர் இளம் பெண், யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தவர் முகம் மாறியது. "சரியான நோவோ?" என்று கேட்டார். தாங்க முடியவில்லை என்றேன். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டார்கள். இல்லாத வலிக்கு அவ்வளவு நல்ல மருந்தைப் போட்டுக்கொண்டு மறுநாள் மத்தியானம் வரை தூங்கிய மனிதன் அந்த வார்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் வகுப்பு வார்டு. இரண்டு வரிசைக் கட்டில்கள், நடுவில் நடை. காலையில் கட்டு மாற்றுவார்கள். செத்துப்போன தோலைக் கத்தரியால் வெட்டி எடுத்து, உப்புத் தண்ணீரில் கழுவி, களிம்பு தடவிய துணி வைத்துக் கட்டுவார்கள். எதிர்க் கட்டிலில் உடம்பில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிய சீனர் ஒருவர், கட்டு மாற்றும் வண்டியின் சக்கரச் சத்தம் கேட்டாலே அழ ஆரம்பிப்பார். என்னிடம் வரும் நர்ஸ் மிஸ்ஸி, "சக்கிட்?" என்று கேட்பார், வலிக்கிறதா என்று. நான் பல்லைக் கடித்துத் தலையாட்டுவேன். ஒரு நாள் அவர் கத்தரியோடு மும்முரமாக இருக்கும்போது நான் பக்கத்துக் கட்டில்காரரோடு பஸ் டிக்கெட்டைப் பற்றிச் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டேன். மிஸ்ஸி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார்.

அது பார்வையாளர் நேரம். பாக்கியம் டிப்பன் கேரியரோடு கால்மாட்டில் நின்றாள். டாக்டரம்மா என் கண்ணை ஒரு துண்டால் மூடினார். ஊசியால் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது. கொஞ்சம் அழுத்தமா குத்துறீங்க டாக்டரம்மா."

துண்டை எடுத்தார். அவர் இரண்டு கட்டில் தள்ளி ஜன்னலோரம் கைகட்டி நின்றிருந்தார். ஊசி என் தொடையில் குத்தியபடியே நின்றுகொண்டிருந்தது. அதை எப்போது வைத்தார் என்று எனக்குத் தெரியாது.

"நீங்கள் உண்மையைச் சொல்லாட்டி நான் என்னெண்டு வைத்தியம் பார்க்கிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்ததுக்கு அப்புறந்தான் கத்துனீங்க" என்றாள் மெதுவாக. "அன்னிக்கே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பாத்ததுக்கு அப்புறந்தான் கத்துனீங்க." கேரியரை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குக் கேரியரை நான் திறக்கவில்லை.

டாக்டரம்மா உட்கார்ந்து எனக்கு விளக்கினார். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் ஒரு கயிறு போல நரம்பு இறங்குகிறது. காலை நகர்த்தச் சொல்லும் கட்டளை அதன் வழியே கீழே போகிறது, சுடுகிறது என்ற சேதி அதன் வழியே மேலே வருகிறது. எனக்கு உடனே புரிந்தது. பஸ்ஸில் மணிக்கயிறு அறுந்துவிட்டால், பின்னால் நிற்பவன் எவ்வளவு இழுத்தாலும் டிரைவருக்குக் கேட்காது. நான் அறுந்த கயிற்றை வைத்துக்கொண்டு, மணி அடித்தது, அடித்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இரத்த ஓட்டமும் அந்தக் கால்களில் மந்தம், அதனால் புண் சீக்கிரம் அழுகும் என்றார். பிறகு ஊதா மருந்தில் பஞ்சை நனைத்து, என் இடது பாதத்தின் வெளியோரத்தில், கறுத்த விரல்களுக்கு மூன்று விரற்கடை மேலே ஒரு கோடு போட்டார்.

"இரண்டு விரலும் போகத்தான் வேணும். கறுப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா, முழங்காலுக்குக் கீழ காலையே எடுக்க வேண்டி வரும்."

மறுநாள் விரல்களை எடுத்தார்கள். அதற்கப்புறம் தினமும் காலையில் அந்தக் கோட்டைப் பார்ப்பதுதான் என் வேலை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பெனிசிலின் ஊசி. கறுப்பு ஒரு நாள் நின்றது, மறுநாள் நகர்ந்தது. கோட்டுக்கு ஒரு விரற்கடை தூரம் வரை வந்துவிட்டது.

பாக்கியம் நான்கு நாள் வரவில்லை. வீராசாமி கஞ்சி கொண்டுவந்தான். வந்தவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வராமல் வராந்தாவில் குந்தி உட்கார்ந்திருந்தான். தெருவில் எல்லோரும் அவனைத்தான் ஏசினார்களாம், நொண்டி மனுஷனைக் கடலுக்குக் கூட்டிப் போய்ச் சுட்டுவிட்டான் என்று. கூப்பிட்டேன். உண்மையைச் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டான்.

"அப்ப நீங்க இன்னும் சூடா வைன்னு சொன்னது?"

"சும்மா. வீம்புக்கு."

"மச்சான், நான் சட்டியில என் கையை வைக்கலாமான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் மச்சான்." அவன் குரல் உடைந்தது. "உங்களுக்கு எப்படி எரிஞ்சிருக்கும்னு தெரிஞ்சிக்க."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கண்டக்டர் தன் மச்சானிடம் மன்னிப்புக் கேட்பது லேசான காரியம் இல்லை. அவன் கஞ்சியை ஊட்டிவிட்டுப் போனான். எனக்குக் கை நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ஊட்டினான்.

ஐந்தாம் நாள் பாக்கியம் வந்தாள். கறுப்பு கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த நாள் அது. டாக்டரம்மா நாளைக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்றார். எனக்குச் சலிப்பும் பயமும் சேர்ந்து வாய் ஓடிவிட்டது. "எடுத்துடுங்க டாக்டரம்மா. தெரியாத கால்தானே. இருந்தா என்ன, போனா என்ன?"

"அது உங்களுக்குத் தெரியாத காலு" என்றாள் பாக்கியம். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியும். ரெண்டு வருஷம் இந்தக் கையால தேச்ச காலு. எந்த எடத்துல எலும்பு முண்டும், எந்த எடத்துல மச்சம் இருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். உங்க இஷ்டத்துக்குத் தூக்கிக் குடுக்க முடியாது." அப்புறம் குரலை இறக்கி, "தினம் தேய்க்கும்போது நீங்க இதமா இருக்குன்னு சொல்வீங்களே, அதுக்காகத்தானேங்க நான் சாயங்காலம் ஆவறதுக்குக் காத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். அழுதேன். எதிர்க் கட்டில் சீனர் எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தை அனுப்பிவைத்தார்.

டாக்டரம்மா இன்னும் இரண்டு நாள் பொறுத்தார். கறுப்பு கோட்டிலேயே நின்றது. தாண்டவில்லை. பின்னால் கறுத்த தசையை வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள், கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிற மாதிரி. அது பிடித்தது. வெளியே வர ஏழு வாரம் ஆயிற்று.

வீட்டுக்குப் போகும் நாள் டாக்டரம்மா பாக்கியத்தை உட்காரவைத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதைப் படிக்கிறவர்களுக்கு உபயோகப்படும். தினமும் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரை கண்ணால் பார்க்க வேண்டும். குளிக்கிற தண்ணீரை வீட்டுக்காரி முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும் இடத்திலும் புண் வரும். லோரியில் போனால் தகரத் தரையில் கால் படக் கூடாது, நனைத்த சாக்கு போட வேண்டும். ஒத்தடம் என்ற பேச்சே கூடாது.

பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிமே கடலுக்குக் கூட்டிட்டுப் போவக் கூடாதா டாக்டரம்மா?" என்றாள்.

"ஏன் போகக் கூடாது? பார்த்துக்கொண்டு போங்கோ."

தெருவில் ஒருவர் பாக்கி இல்லாமல் போகக் கூடாது என்றார்கள். போன தடவை பட்டது போதாதா என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். ஜன்னலோரம் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். பாக்கியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் என்னோடு அளவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தேய்ப்பாள், ஆனால் தெரியுதா என்று கேட்பதில்லை. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீராசாமி லோரியோடு வந்து நின்றான். இரண்டு நீளப் பலகை, நனைத்த சாக்கு, ஒரு பெரிய குடை. இது அவர்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் போட்ட திட்டம்.

பலகையை முன்னால் ஒன்று போட்டு, நாற்காலி ஏறியதும் பின்னால் கிடப்பதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போனார்கள். நாற்காலி புதையாமல் தண்ணீர் விளிம்பு வரை போயிற்று. என்னை யாரும் தூக்கவில்லை. யாரும் வேடிக்கையும் பார்க்கவில்லை. பாக்கியம் ஈர மணலைக் கையால் துழாவி, கிளிஞ்சல்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, என் துணிச் சப்பாத்தைக் கழற்றிப் பாதங்களை மணலில் வைத்தாள். அலை வந்து மூடியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று பாக்கியம் அலறினாள். இடது பாதத்தில் ஒரு நண்டு ஏறி, இல்லாமல் போன விரல்கள் இருந்த இடத்தில் நின்று கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. வீராசாமி பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். நான் மட்டும் ஜமீன்தார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் அதைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"கடிச்சிருச்சாங்க?"

"தெரியல பாக்கியம்" என்றேன். "ஒண்ணுமே தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்."

அவள் தண்ணீரில் மண்டியிட்டு, என் காலை மடியில் தூக்கி வைத்து, ஒவ்வொரு விரலாக, ஒவ்வோர் இடுக்காகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள்.

நம்பினேன்.